பூனைக்குட்டியின் சேட்டை: அதட்டுவதா, அடைப்பதா, வெளியே விடுவதா, துணை சேர்ப்பதா?

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு குழித்தறி வீடு, அதாவது தரைக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் வீடு. நெசவாளரின் கால்கள் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்கின்றன. குழியின் விளிம்பில் மூன்று மாதக் குட்டி ஒன்று வயிறு தரையில் ஒட்டப் பதுங்கியிருக்கிறது. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. இடுப்பு இரண்டு முறை இடவலமாக ஆடுகிறது. அடுத்த நொடி கட்டைவிரலில் பல். கால் உதறியதில் மிதி தவறி, ஊடு நூலோடு ஓடும் நாடா, நீளவாட்டில் கட்டிய பாவு நூலுக்குள் சிக்கி, நாலைந்து இழை அறுந்துபோகிறது. அறுந்ததை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்து, இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில் கோத்து, மறுபடி ஓட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பதில் வரும். அதட்டு, தண்ணீர் அடி என்பார் ஒருவர். கூண்டில் போடு என்பார் அடுத்தவர். வெளியே விட்டுவிடு, இன்னொரு குட்டி கொண்டுவா, கூட உட்கார்ந்து விளையாடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐந்துமே நம் ஊரில் நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் பலன் ஒன்றல்ல. ஒரு வழி சேட்டையைக் குறைக்கும், ஒரு வழி கூட்டும், இன்னொன்று குட்டியின் உயிருக்கே உலை வைக்கும்.

சேட்டை எங்கிருந்து வருகிறது

வேட்டைக்காரப் பிறவி அது. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கவ்விப் பிடிப்பது, பிறகு தின்பது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூங்குவது என்பது பூனைக்குப் பிறவியிலேயே அமைந்த வரிசை. வீட்டில் எலியும் பல்லியும் கிடைக்காதபோது அந்த வரிசைக்கு உங்கள் கால்விரல், ஜன்னல் திரை, சேலைத் தலைப்பு, மேசை விளிம்பில் இருக்கும் டம்ளர் எல்லாம் இரையாகின்றன. குட்டியின் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அதற்கு வேண்டியது ஒரு மாற்று இரை.

வயதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டாம் மாதம் தொடங்கி ஆறு ஏழு மாதம் வரை சேட்டை உச்சத்தில் இருக்கும். மூன்றரை மாதவாக்கில் 26 பால்பற்கள் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 30 நிலைப்பற்கள் முளைத்துவிடும். ஈறு ஊறும் அந்தக் காலத்தில் செருப்பு வாரும் சார்ஜர் ஒயரும் அதன் வாய்க்குத் தப்பாது. ஒரு வயதுக்கு மேல் பெரும்பாலான பூனைகள் தாமாகவே அடங்கும். ஆகவே இந்த முடிவு பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கான முடிவுதான். அதற்குள் குட்டி உங்களைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டால் மட்டும் அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டி மற்றதைவிட அழுத்திக் கடிக்கும். கூடப் பிறந்தவற்றைக் கடிக்கும்போது அவை கத்திவிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. எனவே பாலைக் குடித்துக்கொண்டிருக்கும் குட்டியை அழகாக இருக்கிறதென்று தூக்கி வராதீர்கள். பத்து, பன்னிரண்டு வாரம் பொறுப்பது நல்லது.

முதலில் வயிறு

எந்த வழியைத் தேர்வதற்கும் முன்னால் ஒன்றைச் சோதியுங்கள். சமையலறைத் திட்டில் ஏறிப் பாத்திரத்தை உருட்டும் குட்டிகளில் பல உண்மையில் பசியோடு இருப்பவை. நம் வீடுகளில் பூனை என்றால் பால், தயிர்ச்சாதம் என்பதே வழக்கம். பால் மறந்த பிறகு பல பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. பேதியாகும், பேதியானதும் மறுபடி பசிக்கும். தயிர்ச்சாதம் வயிற்றை நிரப்பினாலும் டாரின் என்ற சத்து அதில் போதிய அளவு இல்லை. இறைச்சி, மீன் போன்றவற்றில் மட்டுமே போதிய அளவு கிடைக்கும் அந்தச் சத்து தொடர்ந்து குறைந்தால் பூனைக்குக் கண் பார்வையும் இதயமும் கெடும்.

இரண்டு முதல் ஆறு மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை தீனி வேண்டும். குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனியை அடிப்படையாக வைத்து, கூடவே வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், அவித்த முட்டை என்று மாற்றிக் கொடுக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், குழம்பில் கிடந்த துண்டை எடுத்துக் கழுவிக் கொடுப்பதும் ஆபத்துதான். ஆறு மாதம் வரை குட்டி மாதத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ ஏற வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருந்தால் சரி. எடை ஏறாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடல்புழு இருக்கலாம். மருத்துவரிடம் புழுமருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுச் சேட்டையைப் பற்றி யோசியுங்கள்.

அதட்டல், தண்ணீர், ஆரஞ்சுத் தோல்

செலவில்லாத வழி என்பதால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

கத்துவதும், மூக்கில் சுண்டுவதும், ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடிப்பதும் ஒரு வகை. குட்டி சோபாவைக் கீறுகிறது, நீங்கள் தண்ணீர் அடிக்கிறீர்கள், ஓடிவிடுகிறது. பலித்துவிட்டது என்று தோன்றும். குட்டி கற்றுக்கொண்டதோ வேறு: இந்த ஆள் இருக்கும்போது சோபா பக்கம் போகக் கூடாது. நீங்கள் சந்தைக்குப் போனதும் கீறல் தொடரும். சில வாரம் இப்படிப் போனால் குட்டி உங்கள் கைக்கு வராது. நகம் வெட்டவோ மருந்து கொடுக்கவோ தூக்கும்போது சீறும். பயம் முற்றினால் கட்டிலுக்கடியில் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். ஒரு சேட்டைக்கு மருந்து போடப்போய் மூன்று தொல்லையை வாங்கிக்கொள்வதுதான் இது. எந்த வீட்டுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இடத்தையே பிடிக்காததாக்குவது இரண்டாம் வகை. இதில் பயன் உண்டு. சோபாவின் கைப்பிடி முனையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினால் பாதம் பிசுபிசுப்பதை வெறுத்துக் குட்டி விலகும். சமையல் திட்டின் விளிம்பில் அலுமினியத் தாளை விரித்து வைத்தால் ஏறியதும் சரசரத்து இறங்கிவிடும். பூனைக்கு ஆரஞ்சு வாசம் ஆகாது. ஏற்காட்டு ஆரஞ்சு வரும் காலத்தில் தோலைப் பூந்தொட்டியில் பரப்பலாம். ஒன்றிரண்டு நாளில் காய்ந்து வாசம் போய்விடும், தினம் மாற்றத்தான் வேண்டும். மண்ணைத் தோண்டுவதை நிலையாக நிறுத்த, நெல்லிக்காய் அளவுக் கூழாங்கற்களை மண்ணே தெரியாமல் பரப்புவது இதைவிட மேல்.

ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாக ஆரஞ்சு எண்ணெயோ, மலைக்கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலமோ தெளிக்காதீர்கள். பூனையின் கல்லீரலால் இவற்றைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். தரை துடைக்கும் பினாயிலுக்கும் பீரோவில் போடும் அந்துருண்டைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்த இரண்டாம் வகையும் தனியாக நிற்காது. சோபாவில் டேப் ஒட்டினால் அதன் பக்கத்திலேயே கீறுவதற்கு ஒரு கட்டை இருக்க வேண்டும். திட்டில் தாள் விரித்தால், திட்டைவிட உயரமான ஒரு ஜன்னலோர ஸ்டூலைக் குட்டிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறலும் ஏறலும் அடுத்த சாமானுக்கு மாறும், அவ்வளவுதான்.

அடைத்து வைத்தல்

கூண்டு வேறு, அறை வேறு. மருத்துவரிடம் கொண்டுபோகவும், அறுவை முடிந்து தேறும் வரையிலும் கூண்டு உதவும். சேட்டைக்காக நாள் முழுக்கக் கூண்டில் வைத்த குட்டி, திறந்ததும் மேட்டூர் மதகு திறந்தாற்போலப் பாயும். வீட்டாரோ, பார்த்தீர்களா, அடைத்தும் அடங்கவில்லை என்று இன்னும் அதிக நேரம் அடைப்பார்கள்.

இரவில் மட்டும் ஒரு தனி அறை என்பது நியாயமான ஏற்பாடு. மலமும் சிறுநீரும் கழிக்க மண் தட்டு ஒரு மூலையில், தண்ணீரும் படுக்கையும் எதிர் மூலையில், ஒரு கீறல் கட்டை, விழுங்க முடியாத அளவு பெரிய இரண்டு பந்து. ஒயர், பாலிதீன் பை, நூல் எதுவும் இருக்கக் கூடாது. கைப்பிடி உள்ள பை குட்டியின் கழுத்தில் மாட்டினால் அது பயந்து ஓட ஓட இறுகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்த அறை அவசியம். சேலைத் தொட்டில் தொங்கினால் அதில் ஏறத்தான் குட்டிக்குத் தோன்றும்.

ஆறேழு மணி நேரம் தனி அறையில் இருக்க நான்கு மாதக் குட்டி பழகிக்கொள்ளும். அதைவிடச் சின்னதை அவ்வளவு நேரம் விடாதீர்கள். அறைக்குள் விடுமுன் ஆட்டமும் தீனியும் முடிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் கதவைச் சாத்தினால் விடியும் வரை கதவைப் பிறாண்டும் சத்தம்தான்.

வெளியே விடுதல்

இதில் ஓர் உண்மை இருக்கிறது. வெளியே அலைந்துவிட்டு வரும் குட்டி வீட்டுக்குள் குறைவாகத்தான் சேட்டை செய்யும். மரமும் பூச்சியும் வெயிலும் அதன் வேட்டைப் பசியை ஆற்றிவிடுகின்றன. ஆனால் சேலத்துத் தெருவில் அதற்குத் தரும் விலை பெரிது. இரு சக்கர வண்டி, தெருநாய், கடுவன் பூனைகளின் சண்டை, அக்கம்பக்கத்தில் வைத்த எலி மருந்து, எலிகளுக்கென்று விரித்த பசை அட்டை என்று ஆபத்துகள் வரிசைகட்டி நிற்கும். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றாலும் விஷம் ஏறலாம்.

நாய் கடித்த குட்டி வெறிநோயோடு திரும்பி வரலாம் என்பது இதைவிடப் பெரிய கவலை. வெளியே போகும் பூனை கீறினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். மற்ற தொற்றுகளுக்கான கூட்டு ஊசி எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். இந்த வரிசை முடியும் முன்னால் குட்டியை வெளியே விடுவது தவறு.

வெளியே விட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பால்கனியையோ பின்கட்டுத் திண்ணையையோ வலை கட்டி அடைத்துவிடலாம். தலை நுழையும் இடத்தில் குட்டியின் உடம்பும் நுழைந்துவிடும். அதனால் வலையின் கண் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. புறாவுக்குக் கட்டும் வலையை வாங்குவதானால் அதன் கண் அளவைக் கேட்டு வாங்குங்கள், பெரிய கண் உள்ளதும் விற்கிறது. அடிக்கு ஒரு கொக்கி என்று இறுக்கிக் கட்ட வேண்டும், தொய்வாக இருந்தால் கீழ் ஓரத்தைத் தூக்கி நுழைந்துவிடும். ஜன்னலுக்கு நைலான் கொசுவலை போதாது, நகம் பட்டே கிழிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையைச் சட்டம் போட்டு அடித்தால் பல வருடம் நிற்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை நாளைக்கு என்று தள்ளவே கூடாது. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்பது பாதி உண்மைதான். காலூன்றினாலும் தாடையும் நெஞ்சும் தரையில் மோதி உடையும்.

இன்னொரு குட்டி

எங்கள் கணிப்பில் குட்டி கொண்டுவரும் முன்னாலேயே எடுக்க வேண்டிய முடிவு இது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை ஒன்றாகக் கொண்டுவந்தால் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு, துரத்தி, கடித்து, களைத்து, ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிவிடும். உங்கள் கை தப்பும், திரைச்சீலை முக்கால்வாசி தப்பும். பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒற்றைக் குட்டியைவிட இரட்டைக் குட்டிகளே நிம்மதி.

ஒன்று வந்து இரண்டு மாதம் கழித்து இன்னொன்றைக் கொண்டுவருவது வேறு வேலை. புதிதை நேராகக் கொண்டுபோய் முன்னால் விடுவதில்தான் பெரும்பாலான வீடுகளில் கோளாறு தொடங்குகிறது. இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். பூனைகளின் குடலைத் தாக்கும் பார்வோ வகைத் தொற்று இருந்தால் அந்த அவகாசத்துக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அந்த நாள்களில் ஒன்றின் மேல் தேய்த்த துணியை மற்றதன் படுக்கையில் போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் தீனித்தட்டை வையுங்கள், தினம் ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்துங்கள். இரண்டும் சீறாமல் தின்னத் தொடங்கிய பிறகு கதவை இரண்டு விரல் அளவு திறந்து முகம் பார்க்க விடலாம். அவசரப்பட்டால் முதல் சண்டை மனதில் பதிந்துவிடும், அதை அழிக்க மாதக்கணக்காகும்.

செலவு இரட்டிப்பாகும் என்பதை மறைக்கத் தேவையில்லை. தீனி, ஊசி, புழுமருந்து எல்லாம் இரண்டு பங்கு. மண் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல் என்பது கணக்கு, ஆக இரண்டு குட்டிக்கு மூன்று தட்டு. பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், சினைக்காலம் ஒன்பது வாரம்தான். கூடப் பிறந்தவை என்று பூனைகள் பார்ப்பதில்லை. நான்காம் மாதமே மருத்துவரிடம் பேசி இரண்டுக்கும் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துவிடுங்கள். சேலம் மாவட்டத்துக்குள் தலைவாசலிலும், பக்கத்தில் நாமக்கல்லிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்க முடியாதவர்கள் இரண்டாவது குட்டியை யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் பத்து வயதுப் பூனை ஒன்று இருந்து, அதற்குத் துணையாகக் குட்டி கொண்டுவருவது பெரும்பாலும் கிழத்துக்குக் கொடுமையாகவே முடிகிறது.

ஆட்டமும் தீனியும் நேரப்படி

மேலே சொன்ன எதைத் தேர்ந்தாலும் இது கூடவே இருந்தாக வேண்டும். தனியாகச் செய்தாலே பாதிக்கு மேல் பலன் தருவதும் இதுதான். நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

மூன்றடி மூங்கில் குச்சியின் முனையில் ஓர் அங்குல அகலம், இரண்டரை அடி நீளமுள்ள பருத்தித் துணிப்பட்டையை முடிச்சிட்டு, அதன் நுனியில் கோழி இறகு இரண்டைக் கட்டுங்கள். மெல்லிய நூலோ ஜரிகையோ வேண்டாம். இதை முகத்துக்கு நேரே ஆட்டினால் குட்டி வெறுமனே பார்க்கும், அல்லது பயந்து பின்வாங்கும். இரை யாராவது பூனையை நோக்கி ஓடி வருமா? சுவரோரப் பல்லி மாதிரி ஒட்டி ஓட வேண்டும், நிற்க வேண்டும், கதவுக்குப் பின்னால் பாதி மறைய வேண்டும். மறைந்த அந்த நொடியில்தான் குட்டியின் இடுப்பு ஆடும். ஐந்தாறு பாய்ச்சலுக்கு ஒன்றாவது பிடிபடட்டும், பிடித்ததைச் சற்று நேரம் கடித்து உதைக்க விடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து, இறுதியாக ஒருமுறை பிடிக்க விட்டு, உடனே தீனித்தட்டை வையுங்கள். தின்று, நக்கி, தூங்கிவிடும். குச்சியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள், கீழே கிடந்தால் துணியைத் தின்றுவிடும்.

லேசர் விளக்கைச் சுவரில் காட்டி ஓடவிடுவது சுலபம். ஆனால் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாததால் வேட்டை முடியாமல் தொங்கும். சில குட்டிகள் அதன்பின் நிழலையும் ஒளியையும் பார்த்து ஏங்கத் தொடங்கும். விளக்கு காட்டுவதானால் கடைசியில் ஒளியை ஒரு தீனித் துண்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பானவை. அதிகாலை நான்கு மணிக்கு உங்கள் கால்மேல் குதிப்பது அதனால்தான். இரவு பத்து மணிக்கு நல்ல ஆட்டமும் அந்நாளின் பெரிய வேளைத் தீனியும் கொடுத்தால் அந்த நான்கு மணி மெல்ல ஆறுக்கு நகரும். இதற்கிடையில் ஒருநாள்கூட நான்கு மணிக்கு எழுந்து தீனி போட்டுவிடாதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்று அது கணக்குப் போட்டுவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகல் ஆட்டத்தை விட்டுவிடலாம்.

ஆட்டத்தில் கையைக் கடித்தால் கையை இழுக்காதீர்கள், இழுத்தால் அது தப்பி ஓடும் இரையாகிவிடும். கையைச் செயலற்று வைத்து, குட்டியின் வாய்ப்பக்கமாகவே சற்றுத் தள்ளினால் பிடி தளரும். பிறகு பேசாமல் எழுந்து ஒரு நிமிடம் அறையைவிட்டுப் போய்விடுங்கள். கடித்தால் ஆட்டம் முடியும் என்ற இந்தப் பாடம் இரண்டு மூன்று வாரத்தில் பதியும். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அம்மா எழுந்து போக, தம்பி கையை ஆட்டிக் கடிக்க விட்டால் குட்டிக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கீறல் கட்டை: எந்தக் கயிறு?

கீறுவதை நிறுத்த முடியாது, இடம்தான் மாற்ற முடியும். நகத்தின் மேல் உறையைக் கழற்றவும், முதுகை நீட்டி முறுக்கவும், பாதத்தின் வாசத்தை விட்டுவைக்கவும் பூனை கீறுகிறது. வளர்ந்த பூனை நிமிர்ந்து நீட்டிக் கீற மூன்றடி உயரம் வேண்டும், தொட்டால் ஆடவும் கூடாது. கடைகளில் விற்கும் ஒன்றரை அடிக் கட்டைகளைக் குட்டி ஒரு தடவை கீறும், ஆடியதும் சோபாவுக்கே திரும்பிவிடும்.

வீட்டிலேயே செய்யலாம். நான்கு அங்குல பிவிசி குழாயில் மேலே மூன்றடி நிற்கும்படி வெட்டி, அடியை 10 லிட்டர் பெயின்ட் வாளியில் நிறுத்திப் பாதி வாளிக்குக் கான்கிரீட் போட்டால் பத்துக் கிலோவுக்கு மேல் கனம் வரும், ஆடாது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறானால் மூன்றடி சுற்ற ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் குழாயில் துளையிட்டு, கயிற்றை உள்ளே விட்டு முடிச்சுப் போடுங்கள். ஆணி வேண்டாம், பாதம் கிழியும்.

கயிற்றில் கத்தாழை நார்தான் முதல் தேர்வு. நகம் நன்றாகப் பதியும், நாளும் உழைக்கும். தேங்காய் நார்க்கயிறு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சில மாதத்தில் பொசுபொசுவென்று உதிர்ந்து வீடு முழுக்கத் தும்பு பறக்கும், சுருள் தளர்ந்தால் இறுக்கிச் சுற்ற வேண்டும். சாக்குத் துணியைக் கட்டையில் இறுக்கிச் சுற்றித் தைத்தால் குட்டிப் பருவத்துக்குப் போதும், நைந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நைலான் கயிறு உதவவே உதவாது. வழுக்கும், நகம் மாட்டிக்கொள்ளும், பிரிந்த இழையைக் குட்டி விழுங்கும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் கயிற்றையும் வாங்காதீர்கள்.

முடிந்த கட்டையை மூலையில் ஒளித்து வைத்தால் வீண். இப்போது கீறிக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பக்கத்திலோ, தூங்கி எழும் இடத்துக்கு அருகிலோ வைக்க வேண்டும். குட்டியின் கையைப் பிடித்துக் கட்டையில் தேய்த்துக் காட்டுவதை அது வெறுக்கும், இறகுக் குச்சியைக் கட்டைமேல் ஓடவிட்டாலே போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் வெள்ளை நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிர் நரம்பு. தவறிப் பட்டு ரத்தம் வந்தால் சோள மாவை அழுத்தி வையுங்கள், நின்றுவிடும்.

நூலும் ஒயரும்

நெசவு ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. நூல் நாக்கில் பட்டால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கி, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போலக் குடல் மடிந்து சுருங்கும். நூல் இறுகிய இடத்தில் குடல் அறுபடும். வாந்தி, தீனி மறுப்பு, மூலையில் ஒடுங்கிக் கிடப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றும்போது விழும் துணுக்கு நூல், ஜரிகைத் துண்டு, தலையில் வைத்துக் கழற்றிப்போட்ட மல்லிகைச் சரத்தின் நூல், பட்டத்து நூல் எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள் போக வேண்டும்.

ஒயரை மெல்லும் குட்டிக்கு, ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, பயன்படுத்தாதபோது சுவிட்சை அணைத்துவிடுவதே தீர்வு. மின்சாரம் தாக்கிய குட்டி எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவை மூடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது, காய்ச்சலென்று நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த வீட்டுக்கு எது

தறி ஓடும் வீட்டுக்கு: ஒற்றைக் குட்டி போதும், இரண்டு வேண்டாம். காலையில் தறியில் உட்காருமுன் பத்து நிமிட ஆட்டம், தீனி, பிறகு தறிக்கூடத்துக் கதவு சாத்தப்பட வேண்டும். தறிக்கூடத்துக்குக் கதவே இல்லை என்றால் குட்டியை மற்ற அறையில் வைத்துக் கதவடைப்பதே பாவுக்கும் நல்லது, அதன் குடலுக்கும் நல்லது. வீட்டிலேயே கொலுசு வேலை நடந்தால் கண்டிப்பு இன்னும் கூட வேண்டும், சிந்தும் மணியும் அமிலக் கிண்ணமும் உள்ள அறைக்குள் குட்டி நுழையவே கூடாது.

ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டிப் பக்கத்து அடுக்குமாடியில் இருவரும் வேலைக்குப் போகிறவர்களுக்கு: ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு, வலை அடித்த பால்கனி, மூன்று மண் தட்டு, காலையும் இரவும் ஆட்டம். அதற்குக் கையிருப்பு இடம் கொடுக்காவிட்டால், குட்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று வயதான, அடங்கிய பூனையை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

ஏற்காட்டுத் தோட்ட வீடுகளுக்கு வெளியே விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சாலையில் வண்டி குறைவு, சுற்றிலும் காபியும் மிளகும். ஆனால் நாயும் பாம்பும் அங்கும் உண்டு, காபிச் செடிக்கு அடிக்கும் மருந்தும் உண்டு. தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குப் பூனை எமன். வலை அடித்த திண்ணையும் வீட்டுக்குள் ஒரு சில்வர் ஓக் கட்டையும் வையுங்கள். காய்ந்த, பட்டையோடு உள்ள மூன்றடித் துண்டைப் பலகையில் நிறுத்தினால் கயிறே வேண்டாம். மார்கழி, தைக் குளிரில் குட்டி கதகதப்பைத் தேடும். ஃபிரிட்ஜின் பின்புறமும், இப்போதுதான் நிறுத்திய ஜீப்பின் இன்ஜின் மேலும் சுருண்டுகொள்ளும். படுக்கையில் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். காலையில் வண்டியைக் கிளப்புமுன் பானெட்டைத் தட்டி, திறந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.